சுழலில் இருக்கிறதா மின்சாரம்? காவிரி சொல்லும் ஒரு கதை

திருச்சி சத்திரம் பேருந்து நிலையத்தில் ஏறி ஸ்ரீரங்கம் போகிறவர்கள் எல்லோருக்கும் ஒரு பழக்கம் உண்டு. காவிரிப் பாலம் வந்ததும் ஜன்னல் வழியாக எட்டிப் பார்ப்பார்கள். தண்ணீர் ஓடுகிறதா, வெறும் மணலா? மேட்டூர் திறந்திருக்கும் மாதங்கள் என்றால் முகத்தில் ஒரு சந்தோஷம். இல்லையென்றால் ஒரு பெருமூச்சு.

தண்ணீர் ஓடும் நாளில் பாலத்தின் தூண்களைக் கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டும். தூணில் வந்து மோதும் நீர் இரண்டாகப் பிரிகிறது. தூணைத் தாண்டியதும் இடப்பக்கம் ஒரு சுழல், அடுத்து வலப்பக்கம் ஒரு சுழல், மறுபடி இடப்பக்கம்... யாரோ தாளம் போடுவது போல மாறி மாறி வந்துகொண்டே இருக்கும். அம்மா மண்டபத்தில் குளிக்கப் போகும் பிள்ளைகளுக்கு வீட்டுப் பெரியவர்கள் சொல்லி அனுப்புவதும் இதைத்தான்: "ஆழத்துக்குப் போகாதே, சுழல் இழுத்துக்கிட்டுப் போயிடும்."

ஆளையே இழுக்கிற சுழலில் எவ்வளவு சக்தி இருக்க வேண்டும்! அந்தச் சக்தியில் ஒரு விளக்கு எரியாதா? குழந்தைத்தனமான கேள்வி போலத் தோன்றும். ஆனால் அமெரிக்காவில் ஒரு பேராசிரியர் இதே கேள்வியைக் கேட்டு, மீனைப் பார்த்துப் பாடம் படித்து, ஓர் இயந்திரமே செய்துவிட்டார். அந்தக் கதைக்குப் போகும் முன், காவிரி இதுவரை மின்சாரம் கொடுத்த கதையைப் பார்த்துவிடலாம். ஏனென்றால் அந்தக் கதை முழுக்க ஓடும் நீரைப் பற்றியதல்ல, விழும் நீரைப் பற்றியது.

விழுந்த காவிரி

திருச்சிக்கு வெகு மேலே, கர்நாடகத்தில், காவிரி ஒரு தீவை உண்டாக்கி இரண்டு அருவிகளாக விழுகிறது. அதுதான் சிவசமுத்திரம். ஸ்ரீரங்கத்தைப் போலவே அங்கும் ரங்கநாதர் கோயில் உண்டு. மைசூர் திவானாக இருந்த சேஷாத்ரி ஐயரின் முயற்சியில், ராணுவப் பொறியாளர் ஜோலி டி லோட்பினியரின் திட்டப்படி, அங்கே ஒரு நீர்மின் நிலையம் கட்டப்பட்டது. 1902 ஜூன் மாதம் அங்கிருந்து மின்சாரம் புறப்பட்டது. போன இடம் எது தெரியுமா? சுமார் 147 கி.மீ. தள்ளியிருந்த கோலார் தங்கச் சுரங்கம். அந்தக் காலத்தில் உலகின் மிக நீளமான மின்பாதைகளில் அதுவும் ஒன்று. பெங்களூர் தெருக்களுக்கே 1905-ல்தான் வெளிச்சம் வந்தது. முதலில் தங்கம், பிறகுதான் தெருவிளக்கு!

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. சுரங்கம் வருடம் முழுவதும் இயங்கும். காவிரி அப்படி இல்லை, கோடையில் மெலிந்துவிடும். மின்சாரம் வாங்குபவர் 12 மாதமும் வேண்டும் என்கிறார், சரக்கு கொடுக்கும் ஆறோ சில மாதங்களுக்குத்தான் தாராளமாகக் கொடுக்கிறது. வணிகத்தில் இதற்கு ஒரே வழி கிடங்கு கட்டுவது. மைசூர் அரசும் அதைத்தான் செய்தது. 1911-ல் கிருஷ்ணராஜ சாகர் அணையின் வேலை தொடங்கியது. பாசனம் ஒரு நோக்கம் என்றால், சிவசமுத்திரத்துக்குக் கோடையிலும் நீர் கிடைக்கச் செய்வது இன்னொரு நோக்கம்.

மேலே கிடங்கு கட்டினால் கீழே இருப்பவருக்கு என்ன மிஞ்சும்? சென்னை மாகாணம் எதிர்ப்புத் தெரிவித்தது. வழக்கு கிரிஃபின் என்ற நடுவரிடம் போய் 1914-ல் தீர்ப்பு வந்தது. அந்தத் தீர்ப்பைச் சென்னை ஏற்கவில்லை. இழுபறிக்குப் பிறகு 1924 பிப்ரவரியில் ஓர் ஒப்பந்தம் கையெழுத்தானது. மைசூர் தன் அணையை வைத்துக்கொள்ளலாம், சென்னை மேட்டூரில் ஒன்று கட்டிக்கொள்ளலாம் என்பது அதன் சாரம். இன்றுவரை ஓயாத காவிரிப் பிரச்சினையின் வேர்களில் ஒன்று, ஒரு தங்கச் சுரங்கத்துக்குத் தடையில்லாத மின்சாரம் கொடுக்க வேண்டிய கட்டாயம் என்பது பலருக்குத் தெரியாத விஷயம்.

மேட்டூர் வெளிச்சம்

மேட்டூர் அணையின் வேலை 1925-ல் தொடங்கி 1934-ல் முடிந்தது. அப்போதைய கவர்னர் ஜார்ஜ் ஸ்டான்லியின் பெயர்தான் அந்த நீர்த்தேக்கத்துக்கு வைக்கப்பட்டது. 120 அடி, 93.47 டி.எம்.சி. என்ற இரண்டு எண்களையும் டெல்டா விவசாயிகள் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள். 1937-ல் அணையின் அடியில் மின் உற்பத்தி தொடங்கியது. அங்கிருந்து வந்த கம்பிகள் திருச்சி, தஞ்சாவூர் பக்கம் நீண்டன. ஈரோட்டில் பைக்காரா மின்சாரத்தோடு மேட்டூர் மின்சாரம் கைகோத்தது.

1960-களில் சுரங்க மின் நிலையம் சேர்ந்தது. இப்போது அணை மின் நிலையத்தின் திறன் 50 மெகாவாட், சுரங்க மின் நிலையத்தின் திறன் 200 மெகாவாட். ஆனால் இரண்டுக்கும் ஒரு கட்டுப்பாடு உண்டு. மின்சாரம் வேண்டும் என்பதற்காக மட்டும் மேட்டூரில் தண்ணீர் திறப்பதில்லை. பாசனத்துக்கும் குடிநீருக்கும் திறக்கிறார்கள், போகிற வழியில் அது டர்பைனைச் சுற்றிவிட்டுப் போகிறது. ஜூன் 12 முதல் ஜனவரி 28 வரை என்பது வழக்கமான கணக்கு. நெல்தான் முதலாளி, மின்சாரம் உபரி வருமானம்.

அந்த உபரியை இன்னும் கொஞ்சம் கூட்ட முடியுமா என்று யோசித்தபோது வந்தவைதான் கதவணைகள். மேட்டூருக்குக் கீழே செக்கானூர், நெரிஞ்சிப்பேட்டை, குதிரைக்கல்மேடு, ஊராட்சிக்கோட்டை என்று நான்கு இடங்களில் ஆற்றின் குறுக்கே கதவுகள் போட்டு, நீரைச் சில மீட்டர் உயர்த்தி, ஒவ்வொன்றிலும் 30 மெகாவாட் எடுக்கிறார்கள். பிறகு பவானி கட்டளைக் கதவணைகளும் வந்தன. மேட்டூரில் ஒருமுறை வேலை செய்த அதே தண்ணீர், படிக்கட்டில் இறங்குவது போல ஒவ்வொரு கதவணையிலும் மறுபடி வேலை செய்கிறது.

அந்தப் படிக்கட்டு திருச்சி வரை வரவில்லை. ஏன்?

சமவெளியின் கணக்கு

திருச்சிக்கு வரும்போது காவிரி கிட்டத்தட்ட சமதரையில் நடக்கத் தொடங்கிவிடுகிறது. அகலம் அதிகம், சரிவு குறைவு, அடியில் முழுக்க மணல். முக்கொம்பில் ஆறு இரண்டாகப் பிரிந்து, தெற்கே காவிரியாகவும் வடக்கே கொள்ளிடமாகவும் ஸ்ரீரங்கத்தைச் சுற்றி வளைக்கிறது.

இந்த இடத்தில் வேலை செய்த பழைய பொறியாளர்கள் யாரும் ஆற்றை விழ வைக்க முயலவில்லை. கல்லணை கட்டியவர்கள் செய்ததைப் பாருங்கள். கரிகாலன் காலத்தது என்று சொல்லப்படும் அந்த அணை சுமார் 329 மீட்டர் நீளம், ஐந்தரை மீட்டர் உயரம்தான். ஆழமான அஸ்திவாரம் இல்லாமல், மணல் மேலேயே கல்லைப் போட்டு, வளைந்து வளைந்து போகும் ஒரு சுவர். அதன் வேலை ஆற்றை நிறுத்துவது அல்ல, திருப்புவது. வெள்ளம் வந்தால் கொள்ளிடத்துக்கு, பயிருக்கு வேண்டுமென்றால் காவிரிக்கு.

19-ம் நூற்றாண்டில் ஆர்தர் காட்டன் இங்கே வந்தபோது வேறு ஒரு பிரச்சினை முற்றியிருந்தது. கொள்ளிடம் பள்ளமாகிக்கொண்டே போக, காவிரி மணல் மேடிட்டு, தஞ்சைக்குப் போக வேண்டிய நீர் குறைந்துகொண்டிருந்தது. 1836-ல் அவர் முக்கொம்பில் மேலணையைக் கட்டினார். மணலில் அணை கட்டும் வித்தையைக் கல்லணையைப் பார்த்தே கற்றுக்கொண்டதாக அவரே ஒப்புக்கொண்டவர். அதே வித்தைதான் பிறகு கோதாவரியில் தவளேஸ்வரம் அணைக்கும் உதவியது.

சரி, விழாமல் ஓடும் நீரில் எவ்வளவு மின்சாரம் இருக்கிறது? சின்னக் கணக்கு ஒன்று. நீர் விநாடிக்கு 1 மீட்டர் வேகத்தில் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு சதுர மீட்டர் பரப்பு வழியாகப் போகும் அந்த நீரின் இயக்க ஆற்றல் சுமார் 500 வாட். அதே அளவு நீர் வெறும் 5 சென்டிமீட்டர் உயரத்தில் இருந்து விழுந்தாலே அந்த 500 வாட் கிடைத்துவிடும்! 100 மீட்டர் விழுந்தால் சுமார் 980 கிலோவாட். மின்சாரக்காரர்கள் ஏன் அருவியையும் அணையையும் தேடி ஓடினார்கள் என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் தேவையில்லை.

இன்னொரு சிக்கலும் உண்டு. வேகம் பாதியானால் ஆற்றல் பாதியாவதில்லை, எட்டில் ஒரு பங்காகக் குறைகிறது. விநாடிக்கு அரை மீட்டர் என்றால் 500 வாட் சுமார் 62 வாட்டாகிவிடும். சாதாரண டர்பைன்கள் நன்றாகச் சுற்ற நல்ல வேகம் வேண்டும். உலகத்தின் பெரும்பாலான ஆறுகளும் கடல் நீரோட்டங்களும் மெதுவாகத்தான் ஓடுகின்றன. அதனால் அவற்றை யாரும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை.

சுழல் என்ற எதிரி

இப்போது பாலத்தின் தூணுக்குத் திரும்புவோம்.

500 வருடங்களுக்கு முன்பே லியோனார்டோ டா வின்சி, ஓடும் நீரில் தடையை வைத்துச் சுழல்களைப் படமாக வரைந்திருக்கிறார். ஆனால் கணக்கு போட்டு விளக்கியவர் தியோடர் வான் கார்மன் என்ற ஹங்கேரியர். 1911-ல் ஜெர்மனியின் கட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் அவர் வேலை பார்த்தபோது, ஹீமென்ஸ் என்ற ஆராய்ச்சி மாணவர் நீர்த் தொட்டியில் ஓர் உருளையை வைத்துச் சோதனை செய்துகொண்டிருந்தார். நீரோட்டம் அமைதியாக இருக்க வேண்டும், ஆனால் ஆடிக்கொண்டே இருந்தது. உருளை சரியான வட்டமாக இல்லை என்றார் அவருடைய பேராசிரியர். மாணவர் உருளையைச் செதுக்கிச் சரிசெய்தார். ஆட்டம் நிற்கவில்லை. தொட்டிதான் சரியில்லையோ என்று அதையும் மாற்றினார். அப்போதும் நிற்கவில்லை. கார்மன் தினமும் காலையில் வந்து "நின்றுவிட்டதா?" என்று கேட்பாராம், பாவம் அந்த மாணவர் "இல்லை" என்பாராம். கடைசியில் கார்மனுக்குப் பொறி தட்டியது. தவறு உருளையிலும் இல்லை, தொட்டியிலும் இல்லை. நீரின் இயல்பே அதுதான்! தடையின் பின்னால் சுழல்கள் மாறி மாறித்தான் பிறக்கும். அந்த வரிசைக்குக் கார்மன் சுழல் வரிசை என்றே பெயர் வந்தது.

ஒவ்வொரு சுழலும் கழன்று போகும்போது தடையை ஒரு பக்கமாக இழுத்துவிட்டுப் போகிறது. 10 சென்டிமீட்டர் தடிமனுள்ள ஓர் உருளையை விநாடிக்கு 1 மீட்டர் வேக நீரில் வைத்தால், விநாடிக்குச் சுமார் இரண்டு முறை இந்த இழுப்பு மாறி மாறி நடக்கும். பொறியாளர்களுக்கு இது தலைவலி. உயரமான புகைபோக்கிகளைச் சுற்றித் திருகு போலப் பட்டை ஓட்டுவது காற்றின் சுழலைக் குலைக்கத்தான். உயர் அழுத்த மின்கம்பிகளில், கோபுரத்துக்குப் பக்கத்தில், சின்ன டம்பெல் போல ஒன்று தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். அது கம்பியின் நடுக்கத்தை அடக்கும் கருவி. மின்சாரத்தைக் கொண்டு வரும் கம்பியே சுழலோடு சண்டை போட்டுக்கொண்டுதான் நிற்கிறது!

ஆற்றில் இந்தச் சண்டை இன்னும் கடுமை. தூணைச் சுற்றிச் சுழலும் நீர் அடியில் உள்ள மணலைத் தோண்டி எடுக்கும். வெள்ளக் காலத்தில் பள்ளம் ஆழமாகும். அதோடு ஆற்றில் மணலையும் அள்ளினால் தூணின் பிடிமானம் என்ன ஆகும்? 2018 ஆகஸ்டில் கொள்ளிடத்தில் வெள்ளம் வந்தபோது, 1928-ல் கட்டப்பட்டு அப்போது போக்குவரத்து நிறுத்தப்பட்டிருந்த பழைய இரும்புப் பாலத்தின் தூண்கள் சாய்ந்து ஒரு பகுதி ஆற்றில் விழுந்தது. சில நாட்களில், ஆகஸ்ட் 22 இரவு, முக்கொம்பு மேலணையில் 9 மதகுகள் அடித்துச் செல்லப்பட்டன. காட்டன் கட்டி 182 வருடங்கள் ஆன அணை. சமவெளியில் சாதுவாக நடக்கும் ஆறு என்று நினைத்தவர்களுக்கு, அந்த ஒரு வாரம் காவிரி தன் பலத்தைக் காட்டியது.

மீன் நடத்திய பாடம்

எதிரி என்று எல்லோரும் நினைத்த சுழலை ஒரு ஜீவன் மட்டும் நண்பனாக வைத்திருந்தது. அதுதான் மீன்.

2003-ல் ஜேம்ஸ் லியாவோ என்ற ஆராய்ச்சியாளரும் அவருடைய குழுவினரும் ஒரு சோதனை முடிவை வெளியிட்டார்கள். ஓடும் நீரில் ஒரு தடையை வைத்து, அதன் பின்னால் டிரவுட் மீனை விட்டார்கள். சுழல்கள் நிறைந்த அந்த இடத்தில் மீன் திணற வேண்டும் அல்லவா? நடந்தது நேர்மாறு. ஒவ்வொரு சுழலுக்கும் ஏற்றாற்போல உடலை வளைத்து, தறியில் நாடா போவது போல இடமும் வலமும் நெளிந்து, மிகக் குறைந்த தசை உழைப்பில் அது நின்ற இடத்திலேயே நீந்தியது. 2006-ல் வெளியான இன்னொரு சோதனை இதைவிட ஆச்சரியம். உயிரில்லாத மீனை அதே இடத்தில் வைத்தபோது, சுழல்கள் அதன் உடலை வளைத்து, நீரோட்டத்துக்கு எதிராகவே முன்னே நகர்த்தின! உழைப்பு மீனுடையது அல்ல, சுழலுடையது.

மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் கப்பல் கட்டும் துறைப் பேராசிரியரான மைக்கேல் பெர்னிட்சாஸ் இதே வழியில் யோசித்தவர். சுழலால் வரும் அதிர்வை அடக்குவதற்குத்தான் எல்லோரும் வழி தேடிக்கொண்டிருந்தார்கள். அடக்காமல் இன்னும் தூண்டிவிட்டால் என்ன என்று அவர் கேட்டார். 2008-ல் அவர் குழு உலகத்துக்கு அறிவித்த கருவியின் பெயர் விவாசே. அமைப்பு மிக எளிமை. ஸ்பிரிங்கில் பொருத்திய உருளைகள் நீரோட்டத்துக்குக் குறுக்கே படுத்திருக்கும். சுழல்கள் அவற்றை மேலும் கீழும் ஆட்டும். அந்த ஆட்டம் ஜெனரேட்டரை இயக்கும். அணை வேண்டாம், அருவி வேண்டாம், வேகமாகச் சுற்றும் இறக்கை இல்லாததால் மீனுக்கும் பயமில்லை. வழக்கமான டர்பைனுக்கு 5, 6 நாட் வேகம் வேண்டும், இதற்கு 2 நாட்டுக்குக் குறைவாகவே போதும் என்றது அறிவிப்பு. அதாவது விநாடிக்குச் சுமார் 1 மீட்டர். பிறகு அமெரிக்க எல்லையில் உள்ள செயின்ட் கிளேர் ஆற்றில் சோதனையும் நடந்தது.

இயற்கையைப் பார்த்துக் காப்பியடித்தவர் அவர் மட்டுமல்ல. ஆஸ்திரேலியாவில் ஒரு நிறுவனம் சூரை மீனின் வாலைப் போல ஆடும் கருவியை வடிவமைத்தது. திமிங்கலத் துடுப்பின் விளிம்பில் இருக்கும் முண்டுகளைப் பார்த்து இறக்கை செய்தவர்கள் உண்டு. ஆஸ்திரியாவில் ஃபிரான்ஸ் ஸோட்லோட்டரர் என்பவர், தொட்டியில் நீர் வடியும்போது உண்டாகும் சுழலைப் பார்த்து, ஒன்றரை மீட்டர் போன்ற சின்ன வீழ்ச்சியிலேயே இயங்கும் சிறு மின் நிலையம் கட்டினார்.

ஸ்ரீரங்கத்துக்கு வருமா?

வரவு செலவு பார்க்காமல் விட முடியாது. ஆடிப்பெருக்கு சமயத்தில் காவிரி விநாடிக்கு 1 மீட்டர் வேகத்தில் ஓடுகிறது என்று கொள்வோம். ஆற்றில் 100 சதுர மீட்டர் பரப்பை மறிக்கும் அளவுக்கு உருளைகளை வைக்கிறோம். மொத்த ஆற்றல் 50 கிலோவாட். அதில் 30 சதவீதத்தைப் பிடித்தாலே நல்ல விளைச்சல். ஆக 15 கிலோவாட், அதாவது 5 எச்.பி. மோட்டார் நான்கை ஓட்டலாம். செக்கானூர் கதவணை ஒன்றின் திறன் இதைப்போல 2000 மடங்கு!

முதலீட்டுப் பக்கமும் சாதகமாக இல்லை. வருடத்தில் சில மாதங்கள்தான் நீர் வரும். மற்ற மாதங்களில் இயந்திரம் மணலில் நிற்கும், தேய்மானமோ 12 மாதமும் ஓடும். வெள்ளத்தில் மரங்கள் வரும், சாதாரண நாளில் பிளாஸ்டிக் பைகளும் துணிகளும் வந்து சுற்றிக்கொள்ளும். இந்த மாதிரிக் கருவிகள் உலகில் எங்குமே இன்னும் பெரிய அளவில் லாபம் காட்டவில்லை. உய்யக்கொண்டான், புள்ளம்பாடி போன்ற வாய்க்கால்களில் சிறிய அளவில் முயன்று பார்க்கலாம் என்று யாராவது சொன்னால், முதலில் அந்த வாய்க்காலில் நீர் ஓட வேண்டும், சாக்கடை ஓடக் கூடாது.

திருச்சிக்கு மின்சாரத் துறையில் பெரிய பெயர் உண்டு என்பதையும் இங்கே நினைக்க வேண்டும். 1960-களில் திருவெறும்பூரில் தொடங்கிய பெல் நிறுவனத்தின் பாய்லர்கள் நாடு முழுவதும் அனல் மின் நிலையங்களில் இருக்கின்றன. ஆற்றங்கரையில் இருந்துகொண்டு இந்த ஊர் நாட்டுக்குக் கொடுத்தது, நிலக்கரி எரிக்கும் பாய்லர். நீரை மட்டும் நெல்லுக்கே விட்டுவைத்தது. அது தவறான முடிவு என்று சொல்லிவிட முடியாது.

அப்படியானால் மீன் நடத்திய பாடம் வீணா? இல்லை. அணை மின்சாரத்துக்கும் சுழல் மின்சாரத்துக்கும் அடிப்படையில் ஒரு வித்தியாசம் இருக்கிறது. அணை கட்டினால் ஆற்றை நிறுத்தி வைத்துச் சம்பாதிக்கலாம். நிறுத்தி வைத்ததில் யாருக்கு எவ்வளவு என்ற சண்டை 1911-ல் ஆரம்பித்து, 2018-ல் உச்ச நீதிமன்றம் தமிழகத்துக்கு 177.25 டி.எம்.சி. என்று தீர்ப்பு சொன்ன பிறகும் முழுதாக முடியவில்லை. மீனின் வழியில் அந்தச் சண்டைக்கு இடமே இல்லை. அது நீரைப் பிடித்து வைப்பதில்லை, செலவழிப்பதும் இல்லை. வந்த நீர் அப்படியே அடுத்த ஊருக்குப் போய்விடுகிறது. ஆனால் அதற்கு ஒரே ஒரு நிபந்தனை, ஆறு ஓட வேண்டும். கல்லணையைக் கட்டியவர்களும் ஆற்றை நிறுத்தாமல், ஓடவிட்டுத்தான் வேலை வாங்கினார்கள்.

எனவே ஸ்ரீரங்கத்தில் சுழல் மின்சாரம் வருமா என்ற கேள்விக்கு விடை இயந்திரத்தில் இல்லை. வருடம் முழுவதும் ஓடுகிற ஆறு, அள்ளாமல் விட்ட மணல், குப்பை விழாத வாய்க்கால் இவை இருந்தால் இயந்திரத்தைப் பிறகு யோசித்துக்கொள்ளலாம். இவை இல்லாவிட்டால் எந்த இயந்திரம் வந்தும் பயனில்லை.

அதுவரை பஸ் பாலத்தைத் தாண்டும்போது எல்லோரும் எட்டிப் பார்த்துக்கொண்டுதான் இருப்பார்கள். தண்ணீர் ஓடுகிறதா?